மொரீசியஸா, ரீயூனியனா? சித்தி கேட்ட கேள்வி

திருச்சியிலிருந்து சித்தி போனில் கேட்டார்: "கடல் எங்க பாத்தாலும் கடல்தானே, எதுக்கு ரெண்டு தீவு? ஒண்ணு போதாதா?" மே மாதம் ஐந்து பேராக வருகிறார்கள், கையில் எட்டு நாள். பத்து வருடமாக மொரீசியஸின் ரோஸ் ஹில் ஊரில் குடியிருக்கும் நான், யோசிக்காமல் மொரீசியஸ் என்றிருக்க வேண்டும். ஆனால் பக்கத்துத் தீவான ரீயூனியனுக்கு நான்கு முறை போய் வந்தவன் என்பதால் வாய் வரவில்லை.

இரண்டுக்கும் இடையே 225 கிலோமீட்டர் போல இருக்கும், விமானத்தில் முக்கால் மணி நேரம். கடலடியில் ஒரே நெருப்பு ஊற்றிலிருந்து எழுந்தவைதான் இரண்டும். மொரீசியஸ் மூத்தது, வயது ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டு. அதன் எரிமலைகள் அடங்கி, மலைகள் மழையில் கரைந்து, சுற்றிலும் பவளப்பாறை வேலி கட்டிவிட்டது. எங்கள் உயரமான சிகரமே 828 மீட்டர்தான். ரீயூனியன் இளையது, சுமார் 20 லட்சம் ஆண்டு. அங்கே பிட்டோன் டெ நேஜ் 3,070 மீட்டர் எழுந்து நிற்கிறது, பக்கத்து எரிமலை பிட்டோன் டெ லா ஃபுர்னேஸ் இன்னும் அடிக்கடி நெருப்பைக் கக்குகிறது. கடற்கரை வேண்டுமா, மலை வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்த வயதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதியைத் தீர்மானித்தது துறைமுகம். 18ஆம் நூற்றாண்டில் இரண்டும் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தன. 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே போர்ட் லூயி துறைமுகத்தை எழுப்பியபோது, புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் வந்து சேர்ந்தார்கள். 1810இல் ஆங்கிலேயர் இரண்டையுமே பிடித்தார்கள். 1814 ஒப்பந்தத்தில் நல்ல துறைமுகம் உள்ள மொரீசியஸை வைத்துக்கொண்டு, கப்பல் நிற்க வாகான இடம் இல்லாத ரீயூனியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று ஆங்கிலேயரிடமிருந்து 1968இல் விடுதலை பெற்ற நாடு, மற்றொன்று 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். இங்கே இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறோம், அங்கே வலப்பக்கம். இங்கே ரூபாய், அங்கே யூரோ. தேநீர் குடிக்கும்போதே வித்தியாசம் பையில் தெரியும்.

நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த கதையும் இங்கேதான் பிரிகிறது. மொரீசியஸில் 1835இல் அடிமைமுறை ஒழிய, இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். அவர்கள் இறங்கிய போர்ட் லூயி ஆப்ரவாசி காட்டின் கற்படிகளை இன்றும் போய்ப் பார்க்கலாம், 2006 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். ரீயூனியனில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. அங்கே வந்த தமிழர்களை நோய்க்குப் பயந்து லா கிராந்த் ஷாலூப்பில் தனிமைப்படுத்தி வைத்திருந்த கட்டடம் கடலோரத்தில் இருக்கிறது. கூட்டம் குறைவு, எனக்கு ஆப்ரவாசி காட்டை விட அங்கேதான் மனம் கனத்தது.

ஆனால் தமிழ் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் மொரீசியஸ்தான். எங்கள் நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் அரசியல்வாதியின் முகம் இருக்கும், தமிழெழுத்தில் மதிப்பும் இருக்கும். 1998இல் இந்தியைத் தமிழுக்கு மேலே ஏற்றிப் புதுத் தாள்களை அச்சடித்தபோது தமிழர்கள் கொதித்தெழ, அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றார்கள். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. கோயிலில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுவார்கள். சாம்பார் என்று நினைத்து வாயில் வைத்தால் வேறு ருசி, இரண்டாம் முறை கேட்டு வாங்குவீர்கள்.

ரீயூனியனில் நம்மவர்களுக்கு மலபார் என்று பெயர், பெயர் மலையாளக் கரையினுடையது என்றாலும் ஆட்கள் பெரும்பாலும் தமிழர் வழிவந்தவர்கள். ஞாயிறு தேவாலயத்துக்கும் போவார்கள், மாரியம்மனுக்குத் தீயும் மிதிப்பார்கள். தமிழ் பேசுபவர் அரிது. ஆனால் சந்தையில் காது கொடுத்தால், கீரைக் கட்டைக் காட்டி 'முரூம்' என்பார்கள், நம் முருங்கைதான். 'பிப்பாங்காய்' பீர்க்கங்காய். சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் 'ரூகாய்' ஊறுகாயிலிருந்து வந்தது என்பார்கள். இந்தச் சொற்கள் எங்கள் தீவிலும் உண்டு, அங்கே தமிழ் போன பிறகும் இவை போகாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

கடற்கரைக்கு அங்கே போகாதீர்கள். 2013 முதல் சுறா பயத்தால், பவளக்காயலையும் காவலுள்ள சில இடங்களையும் தவிர மற்ற இடங்களில் கடலில் இறங்கத் தடை. எர்மித்தாஜ் காயலில் இறங்கலாம், நன்றாகவே இருக்கும், ஆனால் மொரீசியஸின் ப்ளூ பே கடற்கரையைப் பார்த்தவருக்கு அது போதாது. மலைக்குப் போங்கள். அதிகாலையில் மைதோ என்ற மலை விளிம்பில் நின்று கீழே மஃபாட் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். கார்ச் சாலையே இல்லாத அந்தப் பள்ளத்தில் சில நூறு பேர் வாழ்கிறார்கள், கால்நடையாக அல்லது ஹெலிகாப்டரில்தான் போக முடியும். ஒரு காலத்தில் தோட்டத்திலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்த இடம். பத்து மணிக்குள் மேகம் ஏறி மூடிவிடும், தூங்கி எழுந்து போனால் வெள்ளைச் சுவர்தான். முதல் முறை நான் பார்த்தது அந்தச் சுவரைத்தான்.

விசா விஷயத்தில் எச்சரிக்கை. இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு மொரீசியஸில் முன்கூட்டி விசா தேவையில்லை. ரீயூனியன் பிரான்ஸ் என்றாலும் ஷெங்கன் வட்டத்துக்குள் இல்லை, டிக்கெட் போடும் முன் பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்தைப் பொறுத்தவரை மே முதல் நவம்பர் வரை நல்லது. காவடிக்காக ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் புயலுக்கும் தயாராக வர வேண்டும்.

முட்டி வலி உள்ள சித்தப்பா, கைக்குழந்தை, மரக்கறிச் சாப்பாடு என்றால் மொரீசியஸ், மறுபேச்சில்லை. நடக்கத் தெம்பும் கொஞ்சம் யூரோவும் இருந்தால் ரீயூனியன். எனக்கு ஒன்றுதான் என்றால், என் ஊர்க்காரர்கள் கோபித்தாலும் சரி, ரீயூனியன்தான். கடைசியில் இங்கே ஐந்து நாள், அங்கே மூன்று என்று முடிவானது. மைதோவுக்கு எல்லாருக்கும் ஸ்வெட்டர் எடுத்து வரச் சொன்னேன்.

"தீவுக்கா?" என்றார் சித்தி.