‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குள் என்ன இருக்கிறது? மூன்று துப்புரவு மென்பொருள்களின் ஒப்பீடு

அக்கா மகளின் மடிக்கணினியில் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது. கடைக்காரர் 128 ஜிபி என்று சொல்லி விற்ற எஸ்.எஸ்.டி.யை (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் தட்டை), கணக்கிடும் முறை வேறு என்பதால், விண்டோஸ் 119 ஜிபி என்றுதான் காட்டும். அதிலும் விண்டோஸே கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்வதால், இரண்டு ஆண்டுக் கல்லூரிப் பாடங்களுக்குப் பிறகு ஆறு ஜிபிதான் மிஞ்சியிருந்தது. “மாமா, ஒரு கிளீனர் போட்டுக் கொடுங்க” என்றாள். எந்தக் கிளீனர் என்பதைவிட, அதன் உள்ளே எந்தக் கட்டத்தில் டிக் வைப்பது என்பதே பெரிய கேள்வி. சிகிளீனர், பிளீச்பிட், விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப் - ஸ்டோரேஜ் சென்ஸ் இணை ஆகிய மூன்றையும் முகப்புப் பட்டனை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு தெரியாது. தற்காலிகக் கோப்புகள், ரீசைக்கிள் பின், பிரவுசர் கேஷ் (தளங்களை விரைவாகத் திறக்கச் சேமித்த நகல்கள்) ஆகியவற்றை எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் துடைக்கின்றன. மேம்பட்ட தேர்வுகளுக்குள் நுழைந்த பிறகுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரிகிறது. அங்கே நான் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அழிந்தது தானாக மீண்டும் உருவாகிவிடுமா, இல்லையெனில் அதை மென்பொருள் முன்கூட்டியே எனக்குச் சொல்கிறதா?

அழிக்கும் முன் காட்டுவதில் பிளீச்பிட்டுக்கே முதலிடம். லினக்ஸுக்காக 2008-இல் தொடங்கிப் பிறகு விண்டோஸுக்கும் வந்த இந்தத் திறமூல மென்பொருளை முதன்முறை திறக்கும்போது எந்தக் கட்டத்திலும் டிக் இருக்காது. எதையாவது தேர்ந்தெடுத்து முன்னோட்டம் கேட்டால், அழியவிருக்கும் ஒவ்வொரு கோப்பின் முழுப் பாதையையும் அளவையும் வரிவரியாகக் கொட்டும். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த அலுப்புக்குள்தான் பாதுகாப்பு இருக்கிறது. சிகிளீனரில் பல கட்டங்களுக்கு முன்பே டிக் போடப்பட்டிருக்கும். ஆய்வு செய்யும் பட்டனை அழுத்தினால் தொகுப்பு வாரியாக அளவைக் காட்டும், தொகுப்பைச் சொடுக்கினால் கோப்புகளின் பட்டியலும் கிடைக்கும். டிஸ்க் கிளீனப் ஒரு வகைக்கு ஒரு வரி விளக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஸ்டோரேஜ் சென்ஸோ, ஒருமுறை விதியைச் சொல்லிவிட்டால் பிறகு எதையும் கேட்காமல் பின்னணியில் வேலையை முடித்துவிடும். வசதிதான், ஆனால் விதி தவறாக இருந்தால் அந்தத் தவறும் அதே அமைதியோடுதான் நடக்கும்.

சிகிளீனரின் மேம்பட்ட அமைப்புகளில், தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் டெம்ப் கோப்புறையில் 24 மணி நேரத்துக்கு மேல் பழையதான கோப்புகளை மட்டும் அழிக்கச் சொல்லும் ஒரு கட்டம் உண்டு. “இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்குமே” என்று பலரும் முதலில் எடுத்துவிடுவது இந்த டிக்கைத்தான். ஒரு நிரலை நிறுவும்போது அதன் பாகங்கள் டெம்ப் கோப்புறையில் விரிக்கப்பட்டு, சில வேளைகளில் மறுதொடக்கத்துக்குப் பிறகே உரிய இடத்துக்கு நகர்த்தப்படுகின்றன. திறந்திருக்கும் கோப்பை விண்டோஸ் பூட்டிவைக்கும், ஆனால் தன் முறைக்காகக் காத்திருக்கும் கோப்புக்கு அந்தக் காவல் கிடையாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரிண்டர் டிரைவரை நிறுவிவிட்டு, மறுதொடக்கத்துக்கு முன்பாக வேறொரு பழைய துப்புரவு மென்பொருளால் டெம்ப்பைச் சுத்தமாகத் துடைத்தேன். அந்தப் பிரிண்டர் பாதி நிறுவிய நிலையிலேயே நின்றுபோக, அதை நீக்கி மறுபடி நிறுவ ஒரு மாலைப்பொழுது போயிற்று. தவறு என்னுடையதுதான். டிஸ்க் கிளீனப்பின் பழைய பதிப்புகள் இந்த விஷயத்தில் இன்னும் நிதானமானவை: ஒரு வாரமாக மாற்றப்படாத தற்காலிகக் கோப்புகளையே தொட்டன.

டவுன்லோட்ஸ் கோப்புறை விஷயத்தில் விண்டோஸ்தான் சறுக்கியது. விண்டோஸ் 10-இன் 1809 என்ற எண்ணுள்ள பதிப்பில், டிஸ்க் கிளீனப்பின் பட்டியலில் டவுன்லோட்ஸும் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டது. மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்துப் பழகியவர்கள் தங்கள் சொந்தக் கோப்புகளையே இழந்தார்கள். 2020 மே மாதம் வந்த, 2004 என்ற எண்ணுள்ள பதிப்பில் அந்த வரி நீக்கப்பட்டது. ஸ்டோரேஜ் சென்ஸில் இதே தேர்வு இன்றும் உண்டு, ஆனால் 1, 14, 30, 60 நாள் என்ற கெடுக்களோடு, நாமாக மாற்றும்வரை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்ற நிலையில் இருக்கும். அது அப்படியே இருக்கட்டும். நம்மில் பலருக்கு டவுன்லோட்ஸ்தான் பீரோ: ஆதார் பிடிஎஃப், ரயில் டிக்கெட், ஜிஎஸ்டி செலான், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

விண்டோஸும் நிரல்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியின் துப்புரவு, சிகிளீனரின் புகழ்பெற்ற பகுதி. நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் டிஎல்எல் கோப்புகளில் காணாமற்போனவற்றைச் சுட்டும் பதிவுகள், பயன்படாத கோப்பு விரிவுகள், நீக்கப்பட்ட நிரல்களின் எச்சங்கள் என நூற்றுக்கணக்கான ‘பிரச்சினைகளை’ அது பட்டியலிடும்போது, இத்தனை நாள் கணினி எப்படித்தான் ஓடியதோ என்று யாருக்கும் தோன்றும். பல பத்து எம்பி அளவுள்ள ஒரு தரவுத்தளத்திலிருந்து சில நூறு சின்னஞ்சிறு பதிவுகளை நீக்குவதால் மிச்சமாகும் இடம் சில கேபி மட்டுமே. வேகத்திலும் வேறுபாடு தெரியாது. பிழையாக ஒரு பதிவு போனாலோ, அதன் விளைவு மூன்று வாரம் கழித்து ஏதோ ஒரு நிரல் திறக்காதபோதுதான் வெளிப்படும். அழிக்கும் முன் காப்பு எடுக்கவா என்று சிகிளீனர் கேட்பது நல்ல பழக்கம், ஆனால் அந்தக் கேள்விக்கு இல்லையென்று சொல்லிவிட்டு நகர்பவர்களே அதிகம். பிளீச்பிட்டில் இத்தகைய பொதுவான ரெஜிஸ்ட்ரி துப்புரவே கிடையாது. அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல் போன்ற, தனியுரிமை தொடர்பான சில தடங்களை மட்டுமே அழிக்கும். ரெஜிஸ்ட்ரி துப்புரவு மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டும் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ஆகவே இந்த ஒரு வசதி இல்லாததைப் பிளீச்பிட்டின் குறையாக அல்ல, நிறைவாகவே எண்ணுகிறேன்.

அழித்ததை மீட்க முடியாதபடி அந்த இடத்தில் வேறு தரவை மேலெழுதும் பாதுகாப்பான அழிப்பு என்ற தேர்வுதான் மிகுதியான தவறான புரிதலுக்கு இடமளிப்பது. சிகிளீனர் ஒரு முறை, 3 முறை, 7 முறை, 35 முறை என நான்கு படிகளைத் தருகிறது. எண் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்றே யாரும் நினைப்பார்கள். 35 என்ற எண் பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அக்காலத்து வன்தட்டுகள் தரவைப் பதியும் முறைகள் வெவ்வேறாக இருந்ததால், ஒவ்வொரு முறைக்கும் பொருத்தமான வடிவங்களைச் சேர்த்து அந்தப் பட்டியலை அவர் அமைத்தார்; எந்தத் தட்டுக்கும் முப்பத்தைந்தும் தேவையில்லை என்று பின்னர் அவரே எழுதினார். இன்றைய வன்தட்டுக்குப் பொதுவாக ஒரு முறை மேலெழுதுவதே போதும் என்பதுதான் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டின் வழிகாட்டுதலும். பிளீச்பிட் ஒரே ஒரு முறை மட்டும் மேலெழுதுவது சோம்பலால் அல்ல, இந்தக் காரணத்தால்தான்.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். வன்தட்டில் 500 ஜிபி காலியிடம் இருக்கிறது, நொடிக்கு 100 எம்பி எழுதப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், காலியிடத்தை ஒரு முறை துடைக்க ஏறத்தாழ 83 நிமிடம் ஆகும். 35 முறைக்கு இரவுபகலாக இரண்டு நாள் ஓட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் நிலைமை இன்னும் மோசம். 40 ஜிபி காலியிடத்தை 35 முறை துடைத்தால் 1,400 ஜிபி எழுதப்படுகிறது, அதாவது அந்த 128 ஜிபி தட்டை அடிமுதல் நுனிவரை பதினோரு முறை நிரப்பியதற்குச் சமம். எழுதி எழுதியே தேயும் பொருள் அது. இவ்வளவு தேய்த்தும் உறுதி கிடைப்பதில்லை, ஏனென்றால் தரவைத் தாங்கும் நுண்ணறைகளான செல்கள் எல்லாம் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக எஸ்.எஸ்.டி.யின் கட்டுப்பாட்டுச் சில்லு புதிய எழுத்தை வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். நாம் மேலெழுதியதாக நினைத்த பழைய செல் தொடப்படாமலேயே இருக்கக்கூடும். அதனால் எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் காலியிடம் துடைக்கும் கட்டத்தை எந்த மென்பொருளிலும் தொடுவதில்லை. கணினியை விற்கும் எண்ணம் இருந்தால், தொடக்கத்திலிருந்தே முழுத் தட்டையும் குறியாக்கம் செய்துவைப்பதும், விற்கும்போது தட்டுத் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துவதும்தான் வழி. இந்தத் தேர்வைத் தொட்டால் இது மிகவும் மெதுவானது என்று பிளீச்பிட் முதலிலேயே எச்சரிக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே அதன் மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

பிரவுசர் பகுதியில் மட்டும் சிகிளீனருக்கே என் வாக்கு. எந்தத் தளங்களின் குக்கீகளை (நாம் உள்நுழைந்திருப்பதைத் தளம் நினைவில் வைக்க உதவும் சிறு கோப்புகளை) வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெயர் குறித்துப் பிரிக்கும் வசதி அதில் நேர்த்தியாக இருக்கிறது. அன்றாடம் திறக்கும் மின்னஞ்சலையும் கல்லூரித் தளத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு துப்புரவுக்குப் பிறகும் கடவுச்சொல் கேட்டு உயிரை வாங்காது. நான் பயன்படுத்திய பிளீச்பிட் பதிப்புகளில் குக்கீ என்று டிக் வைத்தால் எல்லாமே போய்விடும். பதிலுக்கு, சேமித்த கடவுச்சொற்கள் என்ற கட்டத்தைத் தொட்டால் உடனே எச்சரிக்கும். பிரவுசரின் உள்தரவுத்தளங்களை, எதையும் இழக்காமல், வெற்றிடம் நீக்கிச் சுருக்கும் தேர்வும் அதில் உண்டு.

பழைய பிரீஃபெட்ச் தரவு என்றொரு கட்டமும் இவற்றில் காணப்படும். நிரல்கள் விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது; அழித்தால் மீண்டும் எழுதிக்கொள்ளும், அதுவரை நிரல்கள் சற்று மெதுவாகத் திறக்கும். லாபம் ஏதுமில்லை.

உண்மையில் பெரிய இடம் ஒளிந்திருப்பது விண்டோஸின் சொந்தக் கிடங்கில்தான். டிஸ்க் கிளீனப்பில் ‘சிஸ்டம் கோப்புகளைத் துடை’ என்ற பட்டனை அழுத்தி நிர்வாகி உரிமையோடு திறந்தால்தான், பழைய விண்டோஸ் நிறுவலும் புதுப்பிப்புகளின் எச்சங்களும் பட்டியலுக்கு வரும். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் நிற்கும் விண்டோஸ்.ஓல்ட் கோப்புறை பல ஜிபி இருக்கும்; வழக்கமாகப் பத்து நாளில் தானே போய்விடும், அதற்குள் அழித்தால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபடும். விண்டோஸ் தன் பாகங்களைச் சேமித்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறை அதைவிடப் பெரிதாகத் தோன்றும், ஆனால் அதிலுள்ள பல கோப்புகள் வேறு கோப்புறைகளிலும் அதே கோப்பாகவே தெரிபவை என்பதால் எக்ஸ்புளோரர் காட்டும் அளவு மிகைதான். அதைக் கையால் அழிக்கவே கூடாது. டிஐஎஸ்எம் என்ற கட்டளைக் கருவிக்குத்தான் அந்த உரிமை. அதில் ‘ரீசெட்பேஸ்’ என்ற சேர்க்கையைப் போட்டால் கூடுதல் இடம் கிடைக்கலாம், ஆனால் அதுவரை நிறுவிய புதுப்பிப்புகளைப் பின்பு நீக்க முடியாது. டிஸ்க் கிளீனப்பைக் கைவிடப்போவதாக 2018-இலேயே அறிவித்த மைக்ரோசாஃப்ட், அதை இன்னும் விண்டோஸோடு அனுப்பிக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

நம்பகத்தன்மையைத் தனித் தேர்வாக எந்த அமைப்புப் பக்கமும் காட்டுவதில்லை. 2017 ஆகஸ்டில் வெளியான சிகிளீனர் 5.33 பதிப்பின் 32 பிட் கோப்புக்குள், தயாரிப்பாளரின் சொந்த டிஜிட்டல் கையொப்பத்தோடே தீநிரல் புகுத்தப்பட்டு, ஏறத்தாழ 22.7 லட்சம் பேரைச் சென்றடைந்தது. செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. அதற்குச் சற்று முன், ஜூலையில், அந்த நிறுவனத்தை அவாஸ்ட் வாங்கியிருந்தது. மறு ஆண்டு 5.45 பதிப்பில், பயன்பாட்டைக் கண்காணிக்கும் பகுதியை எளிதில் அணைக்க முடியவில்லை என்ற எதிர்ப்பு எழுந்ததால் அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. நிர்வாகி உரிமையோடு கணினி முழுவதும் நுழையும் ஒரு மென்பொருளை எப்போதும் பின்னணியில் ஓடவிடாதிருக்க இது போதிய காரணம். வேண்டியபோது திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடலாம்.

அக்கா மகளின் கணினியில் கடைசியில் எதையும் புதிதாக நிறுவவில்லை. டிஸ்க் கிளீனப்பை நிர்வாகி உரிமையோடு திறந்து, பழைய விண்டோஸ் நிறுவல் என்ற வரியில் மட்டும் டிக் வைத்தோம். ஸ்டோரேஜ் சென்ஸில் ரீசைக்கிள் பின்னுக்கு 30 நாள் கெடு கொடுத்து, டவுன்லோட்ஸை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்ற நிலையிலேயே விட்டோம். பிளீச்பிட்டை என் பென்டிரைவிலிருந்தே இயக்கி, பிரவுசர் கேஷுக்கு முன்னோட்டம் மட்டும் கேட்டபோது ஓடிய பட்டியலைப் பார்த்து அவள் கேட்டாள்: “இதுல என் ரெக்கார்டு நோட்டு பிடிஎஃப் இல்லதானே மாமா?” இருவருமாகப் பட்டியலைக் கீழ்வரை உருட்டிப் பார்த்தோம், இல்லை. அதன் பிறகே அழிக்கும் பட்டனை அழுத்தினாள்.