ஒரு பரப்புப் புல்லும் ஒன்றரைக் கிலோ மண்வெட்டியும்

வடமேற்கு லண்டனில் நானும் மச்சானும் சேர்ந்து எடுத்த அலொட்மென்ட் (பயிர் செய்ய வாடகைக்குக் கிடைக்கும் தோட்டத் துண்டு), அவர் பேர்மிங்காமுக்கு வீடு மாறிப் போனதிலிருந்து என் ஒருவன் தலையில் விழுந்திருக்கிறது. முழு அலொட்மென்ட் என்பது பழைய ஆங்கில நில அளவையில் 10 ரொட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்னும் யாழ்ப்பாணக் கணக்கில் அது அச்சொட்டாக ஒரு பரப்பு. ஊரில் ஒரு பரப்பைத் தோட்டம் என்றே யாரும் மதிக்கமாட்டார்கள். ஆனால் ஒரு கோடை முழுவதும் கவனிப்பாரின்றிக் கிடந்து, நிலத்தடியில் வேரோடிப் பரவும் கௌச் புல்லும் பைண்ட்வீடு என்ற களைக்கொடியும் முட்பற்றையும் இடுப்பளவுக்கு எழும்பிவிட்ட பிறகு, சனி ஞாயிறு மட்டுமே கைக்கு வரும் ஒருவனுக்கு அது வன்னிக் காடாகத்தான் தெரிகிறது. பயிரிடாமல் வைத்திருப்பதேன் என்று கேட்டுக் கடிதமும் வந்த பிறகுதான், இணையக் கடையொன்றில் 45 பவுணுக்கு இந்த மண்வெட்டியை வாங்கினேன்.

இது காலால் மிதித்து இறக்கும் ஸ்பேட் அன்று. ஒன்றரைக் கிலோ எடையுள்ள, கண் வைத்துப் பிடி செருகிய, ஓங்கிக் கொத்தும் நம்மூர் மண்வெட்டியேதான். 'மண்வெட்டி' என்ற நம் சொல் 'மமோட்டி' என்று ஆங்கில அகராதியில் ஏறியிருக்க, இங்கே இதை 'அஸாடா' என்ற ஸ்பானியப் பெயரில் விற்பது எனக்குச் சிறிது வேடிக்கையாக இருந்தது.

கௌச் புல் மூடிய நிலத்தில் இதற்கு ஈடில்லை. இரண்டு அங்குல ஆழத்தில் சரிவாகக் கொத்தி இழுத்தால், புல்லும் வேரும் பின்னிய மண் தட்டு பாய் சுருண்டது போலக் கையோடு வருகிறது. கருவியின் எடையே பாதி வேலையைச் செய்துவிடுவதால், ஸ்பேட்டை மிதித்து மிதித்து நொந்திருந்த என் வலது முழங்கால் தப்பியது. முட்பற்றையின் அடிக்கட்டையை நாலைந்து கொத்தில் பெயர்த்துவிடலாம். பைண்ட்வீடு மட்டும் வேறு கதை. அதன் வேர் அவித்த இடியப்பம் போல வெள்ளையாக, தொட்டாலே முறிவதாக இருக்கிறது. முறிந்த துண்டெல்லாம் மறுபடி முளைக்கும் என்பதால், அங்கே மண்வெட்டியை வைத்துவிட்டு, நான்கு பல் கொண்ட போர்க்கினால் மண்ணை நெகிழ்த்தி விரலால் உருவுவதே சரி.

குறைகளும் உண்டு. வந்தபோது அலகு மழுங்கி, மேலே தடித்த பெயின்டோடு இருந்தது. அரத்தால் அரை மணி நேரம் தீட்டிய பின்னரே மண்ணில் இறங்கியது. அதைவிட மோசம் பிடி. அவர்கள் அனுப்பியது 90 சென்ரிமீற்றர். ஆறடிக்குக் கிட்டிய என் உயரத்துக்கு அது இரண்டாம் நாளே முதுகைப் பிடித்துவிட்டது. தனியே 15 பவுண் கொடுத்து நீளப் பிடி வாங்கினேன். வெயில் நாள்களில் மரம் சுருங்கித் தலை ஆட்டம் காணும். பிடியின் மேல் நுனியைக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டி, இரவு மழைநீர்ப் பீப்பாவுக்குள் தலையை ஊறவிட்டால் காலையில் இறுகிவிடும். லண்டனின் களிமண் ஈரமாயிருக்கும்போது அலகில் அப்பிக்கொண்டு எடையை இரட்டிப்பதால், மழை பெய்த மறுநாள் இதைத் தொடாமலிருப்பதே புத்தி.

இதற்கு முன் ஒரு நாள் ரொட்டவேற்றர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து முழு நிலத்தையும் உழுதிருந்தேன். அன்று மாலை நிலம் கோவில் வீதி போல இருந்தது. மூன்று வாரத்தில், இயந்திரம் நறுக்கிய ஒவ்வொரு வேர்த்துண்டும் தனித்தனிச் செடியாக எழும்பியது. பக்கத்துத் தோட்டத்து ஐயா வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாத்தையும் ஒரேயடியாக் கொத்தப் போகாதையும். ஒரு பாத்தியை முடிச்சுக்கொண்டு, மிச்சத்தைக் கறுப்புச் சீலையால மூடிவிடும்" என்றார். அப்படியே செய்தேன். இரண்டு பாத்தி மண்வெட்டியால் துப்புரவாகி, ஒன்றில் நவம்பரில் உள்ளி ஊன்றியாயிற்று. மற்றது உருளைக்கிழங்குக்குக் காத்திருக்கிறது. மிச்ச நிலம் வெளிச்சம் புகாத விரிப்பின் கீழ், ஓரங்களில் செங்கல் பாரத்தோடு கிடக்கிறது.

தனியாளாக நிலம் திருத்துபவர்களுக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் பிடி 120 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கூடவே ஓர் அரமும் வாங்கிவிடுங்கள்.