மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூப், மகள் இடுப்பில் சிவப்புப் பள்ளங்கள்

சித்திரை வெயிலில் மகளுக்கு இடுப்பில், சுடிதார் நாடா இறுக்குகிற இடத்தில் படர்தாமரை வந்தது. அம்பாசமுத்திரத்தில் வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் போய்ச் சொன்னேன். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. "இதப் போடுங்கக்கா, ரெண்டு நாள்ல அமந்துரும்" என்று ஒரு ட்யூப் கொடுத்தார். பில்லும் கிடையாது.

சொன்னபடியே இரண்டு நாளில் அரிப்பு நின்றது. அதில்தான் ஏமாந்தேன். நிறுத்தினால் ஒரே வாரத்தில் முன்னைவிட அகலமாகத் திரும்பி வரும், மறுபடி அதே ட்யூப். ஆவணிக்குள் ஐந்து ட்யூப் காலி.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள், "யம்மா, இங்க பாரேன்" என்று சட்டையைத் தூக்கினாள். இடுப்பின் இரண்டு பக்கமும் பூனை பிறாண்டியது போலச் செக்கச்செவேல் என்று கோடுகள். பிறாண்டினால் தடித்து நிற்கும், இது உள்வாங்கியிருந்தது. விரலால் நீவினால் ஒவ்வொரு கோட்டிலும் பள்ளம் தட்டியது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருந்தது. மாமியார் அக்கி என்றார், காவி எழுதக் கூட்டிப் போகச் சொன்னார். பாவம், எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அக்கி என்றால் கொப்புளம் இருக்கும், எரியும், பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன க்ரீம் போட்டீங்க?" ட்யூப்பைக் காட்டினேன். குளோபெட்டசால், மிக வீரியமான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சை மருந்தும் கலந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்குமே தவிர படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லாது. நோய் உள்ளுக்குள் பரவும், தோல் மெலிந்து அடியில் கிழியும். அந்தக் கிழிசல்தான் இந்தக் கோடு. வேர்க்கிற மடிப்புகளில் மருந்து இன்னும் அதிகமாக இறங்குமாம். டாக்டரே எழுதினாலும் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போடக்கூடாத மருந்து. 2018 முதல் சீட்டில்லாமல் விற்கவே கூடாது. ட்யூப்பிலேயே அது எறும்பு எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

எல்லாச் சிவப்புக் கோடும் இப்படி வந்தது என்றில்லை. மளமளவென வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சாதாரணமாகவே விழும். ஆனால் வயிற்றில் விரலகலத்துக்குக் கருஞ்சிவப்பாக விழுந்து, முகமும் உருண்டு வீங்கினால் ஹார்மோன் கோளாறா என்று பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையாலும் அப்படி வரும். கோடாக இல்லாமல் திட்டாகச் சிவந்து, நடுவில் வெளுத்து இறுகினால் அது மார்ஃபியா என்கிற, தோல் இறுகிப்போகும் நோயாக இருக்கலாம். தொட்டால் உணர்ச்சி தெரியாத திட்டு என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், தொழுநோய்ச் சோதனை செய்துவிடுங்கள்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "எல்லாரும் கேட்டு வாங்குறதுதானக்கா" என்றார். மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம் என்றால் வாங்கியதற்குப் பில் இல்லை, கையில் காலி ட்யூப் மட்டும்தான்.

படர்தாமரை ஆறு வார மாத்திரையில் போய்விட்டது. கோடுகள் வெளுக்கும், முழுசாக மறையாது என்று சொல்லிவிட்டார்கள். "ஏட்டி, பொங்கலுக்குப் பாவாடை தாவணி எடுப்போமா?" என்றேன். சுடிதாரே போதும் என்றாள்.