செட்டிநாட்டுக் கொடிக்கருக்குக்கு இங்க்ஸ்கேப்: ஒரு மதிப்புரை

காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளின் நிலைக்கதவுகளைச் செப்பனிடும் பட்டறைகளில் இப்போது உளிக்கும் கொட்டாப்புளிக்கும் பக்கத்தில், கணினி இயக்கத்தில் மரத்தைச் செதுக்கும் சிஎன்சி எந்திரமும் நிற்கிறது. பர்மாத் தேக்கில் செதுக்கிய கொடிக்கருக்கில், அதாவது கொடி வடிவ வேலைப்பாட்டில், ஒரு முழம் மழைநீர் இறங்கி உளுத்துப்போயிருந்தால், எஞ்சிய பகுதியைத் தாளில் ஒற்றியெடுத்து, விடுபட்டதைப் பென்சிலால் வரைந்து நிரப்பி, அந்தப் படத்தை எந்திரம் வெட்டக்கூடிய வடிவமாக மாற்ற வேண்டும். இந்த ஒரு வேலைக்கு நான் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் மென்பொருள், விலையின்றிக் கிடைக்கும் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்.

கணினியைப் பொறுத்தவரை கோடு என்பது அகலமே இல்லாத பாதை. திரையில் தெரியும் தடிமன் அதன்மேல் ஏற்றிய பூச்சு மட்டுமே. எந்திரத்தில் பொருத்தும் வி வடிவ வெட்டுமுனையால் (பிட்) செதுக்கும்போது ஆழம் என்பது இரண்டு கரைகளுக்கு இடைப்பட்ட அகலத்திலிருந்து கணக்கிடப்படுகிறது: கரைகளுக்கு இடையே 6 மி.மீ. அகலம் இருந்தால் 60 டிகிரி பிட் சுமார் 5.2 மி.மீ. ஆழமும், 90 டிகிரி பிட் 3 மி.மீ. ஆழமும் இறங்கும். கரையில்லாத கோட்டிலிருந்து அந்த ஆழத்தைக் கணக்கிட வழியில்லை. பழைய கருக்குகளை ஒற்றியெடுக்கும்போது கொடித்தண்டு எப்போதும் இரட்டைக் கோடாகத்தான் தாளில் விழுகிறது என்பதை இந்த மென்பொருளைப் பழகிய பிறகுதான் நான் கவனித்தேன்.

இங்க்ஸ்கேப்பில் கோட்டுக்குக் கரை கொடுக்கும் கட்டளை ‘ஸ்ட்ரோக் டு பாத்’. கோட்டுக்கு மி.மீ. அளவில் தடிமன் கொடுத்து, முனைகளையும் மூட்டுகளையும் வட்டமாக்கிவிட்டு இதை இயக்கினால், கோடு மூடிய வடிவமாகிவிடும். ஒரு கொடி இன்னொன்றைக் கடக்கும் இடங்களில் ‘யூனியன்’ செய்து ஒன்றாக்காமல் விட்டால், வெட்டும்போது குறுக்கிடும் இடத்தில் குழி விழ வேண்டிய பகுதி மேடாக நின்றுவிடக்கூடும். சுருள் மிகவும் இறுகி, அதன் ஆரம் கோட்டின் பாதித் தடிமனைவிடக் குறையுமானால், உட்கரை தன்னைத்தானே கடந்து சிறு முடிச்சாகிவிடும். அதை ஒவ்வொரு நோடாக (பாதையின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளி) நீக்குவதைத் தவிர வேறு நல்ல வழியை நான் காணவில்லை.

என் மனத்தைக் கவர்ந்தது ‘பவர் ஸ்ட்ரோக்’ என்னும் வசதி. ஒரே கோட்டின் தடிமனை அடியில் 7 மி.மீ. என்றும் நுனியில் அரை மி.மீ. என்றும் வைத்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து வடிவமாக்கிக்கொள்ளலாம். அகலம் குறையக் குறைய வி பிட் தானாக மேலெழும்பி வருவதால், இலை நரம்பின் முடிவில் ஆசாரி உளியை மெல்லத் தூக்கி எடுத்தது போன்ற தடம் மரத்தில் கிடைக்கிறது. ஒரே தடிமனில் வெட்டிய கொடியையும் இதையும் அருகருகே வைத்தால் வேறுபாட்டை விளக்கத் தேவையிருக்காது.

பென்சில் படத்தை உள்ளே கொண்டுவரும் ‘டிரேஸ் பிட்மேப்’ அவ்வளவு திருப்தி தரவில்லை. வழக்கமான முறை கோட்டின் இரு கரைகளையும் பிடிக்கும். ஆனால் தாளின் சொரசொரப்பையும் சேர்த்துப் பிடிப்பதால் தேவையற்ற நோடுகள் குவிந்துவிடுகின்றன. 2020இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து நடுக்கோட்டை மட்டும் எடுக்கும் வழியும் இருக்கிறது. அதைத் தேர்ந்து, தடிமனை நாமே கொடுப்பதே நல்லது என்பது என் துணிபு.

இங்க்ஸ்கேப் தட்டையான வடிவத்தோடு நின்றுவிடுகிறது. வெட்டுப்பாதையை விகார்வ் போன்ற வேறு மென்பொருளில்தான் நான் அமைக்கிறேன். நிலைக்கு மேலே வரும் சூரியப்பலகையில் அமரும் கஜலட்சுமியின் திரட்சிக்கோ யாளியின் கன்னத்துக்கோ ஆஸ்பயர் போன்ற, விலை கொடுத்து வாங்கும் புடைப்பு வடிவ மென்பொருள் வேண்டும்.

இங்க்ஸ்கேப்பின் 0.92க்கு முந்தைய பதிப்புகள் அங்குலத்துக்கு 90 புள்ளி என்றும், 0.92 முதல் வந்தவை 96 என்றும் கணக்கிடுகின்றன. மி.மீ. அளவு குறிக்காத பழைய கோப்பில் 600 மி.மீ. இருந்த பலகை புதிய கணக்கில் 562.5 மி.மீ. ஆகிவிடும் என்பதால், மரத்தை எந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் படத்தின் மொத்த நீளத்தை ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.