ஹெடர் சூடு: ராப், கோட்டிங், ஷீல்டு நாள்பட எப்படித் தாங்குகின்றன

இன்ஜின் மாற்றிக் கட்டிய வண்டிகளில் பானெட்டுக்குள் சூடு ஏறியதும் பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஹெடரை, அதாவது இன்ஜினிலிருந்து எக்ஸாஸ்ட் வாயுவை வெளியேற்றும் குழாய்களை, சுற்றும் ராப் என்ற வெப்பத்தடுப்புத் துணி. வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்த பிறகு எங்கள் தீர்ப்பு வேறு: ராப் கடைசியில் வர வேண்டிய பொருள். அதற்கு முன்னால் ட்யூனிங், இடைவெளி, காற்றோட்டம், ஷீல்டு, கோட்டிங் என்று எல்லாமே வரிசையில் நிற்கின்றன.

வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலிலேயே ஹெடர் சிவந்தால் எதையும் சுற்றாதீர்கள். இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பின்தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் கலவை எரிந்துகொண்டே இருப்பதால் அந்தச் சூடு முழுக்கக் குழாய்க்குப் போகிறது. டைமிங்கைச் சரிசெய்தாலே பாதிப் புகார் அடங்கிவிடும்.

ராப் சூட்டைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. பானெட்டுக்குள் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ஆனால் வெளியே வராத சூடு குழாயின் உலோகத்திலேயே தங்குகிறது. மைல்ட் ஸ்டீல் ஏறக்குறைய 550 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேகமாகச் செதில் விடும். மழையில் நனைந்த துணி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே நாள்பட்ட ராப்பைப் பிரித்தால் தண்ணீர் தங்கும் அடிவளைவில்தான் குழாய் முதலில் மெலிந்திருக்கும். மழையில் ஓடும் வண்டியின் மைல்ட் ஸ்டீல் ஹெடருக்கு ராப் வேண்டவே வேண்டாம். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவைத் தாங்கும். ஆனால் 425 முதல் 860 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து, வெல்டிங் ஓரம் பலவீனமாகும். டைட்டானியம் கலந்த 321 ரகம் இதை நன்றாகச் சமாளிக்கும். ராப் சுற்றியே தீர வேண்டும் என்றால் ஹெடரை 321-இல் செய்யச் சொல்லுங்கள்.

சுற்றும்போது 50 மி.மீ. அகலத் துணி போதும், நெருக்கமான வளைவுக்கு மட்டும் 25 மி.மீ. ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் 6 மி.மீ. ஏறினால் சரி. பாதிக்குப் பாதி ஏற்றினால் துணி வீணாவதோடு உள்ளே சூடும் கூடும். வண்டியின் பின்பக்கமிருந்து தொடங்கி முன்னோக்கி வந்தால் மடிப்பின் விளிம்புகள் பின்னோக்கிப் படுத்திருக்கும், எதிர்க்காற்றும் தூசியும் அவற்றைக் கிளப்பாது. கண்ணாடி இழைத் துணியை நனைத்துச் சுற்றினால் இறுக்கமாகப் படியும். கையுறை, முகமூடி கட்டாயம். முதல் சூட்டில் புகை வரும், பயப்பட வேண்டாம். வால்வு கவர் கேஸ்கெட்டில் எண்ணெய் கசிந்தால்தான் பயப்பட வேண்டும். எண்ணெய் குடித்த ராப் திரி மாதிரி தீப்பிடிக்கும். கசிவை நிறுத்தாமல் சுற்றவே கூடாது. ஏற்கெனவே நனைந்த துணியைக் கழுவிப் பயன்படுத்தாமல் தூக்கி எறியுங்கள்.

செராமிக் கோட்டிங் முதல் நாளில் ராப் அளவுக்கு அசத்தாது, ஆனால் நீடிக்கும். குழாயின் உள்ளும் புறமும் பூசச் சொல்ல வேண்டும். புது இன்ஜினை முதலில் பழைய ஹெடரில் ஓட்டி, ட்யூனிங் முடிந்த பிறகே பூசிய ஹெடரை மாட்டுங்கள். தொடக்க ஓட்டத்தில் டைமிங்கும் கலவையும் தப்பினால் அந்த அதீத சூட்டில் பூச்சு கருகிவிடும். நாள்பட்டால் கல் பட்ட இடத்திலும் ஸ்பேனர் உரசிய ஃபிளான்ஜ் (குழாயை இன்ஜினோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) விளிம்பிலும் பூச்சு உதிர்ந்து, அங்கிருந்து துரு உள்ளே நுழையும்.

எங்கள் கணக்கில் அதிகம் உழைப்பது சாதாரணத் தகடு ஷீல்டுதான். கதிர்வீச்சுச் சூடு தனி வெப்பநிலையின் (கெல்வின் கணக்கு) நான்காம் அடுக்கில் ஏறும்: 700 டிகிரிக் குழாய், 300 டிகிரிக் குழாயைவிட எட்டு மடங்குக்கு மேல் கதிர் வீசும். நடுவில் பளபளப்பான ஒரு தகடு நின்றாலே பெரும்பகுதி திரும்பிவிடும். 0.8 மி.மீ. அலுமினியத் தகடு, குழாயிலிருந்து குறைந்தது 25 மி.மீ., காக்க வேண்டிய பாகத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி இருக்கட்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் 0.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ். மேலும் கீழும் திறந்து, காற்று ஓட வழி விடுங்கள். மூடிய ஷீல்டு வெறும் சூடேறிய பெட்டி. ஷீல்டு கெடுவது அதிர்வால்: போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விழும். ஓரத்தை 10 மி.மீ. மடித்து, துளையை நீள்வட்டமாக்கி, அகல வாஷர் போட்டால் தகடு விரியவும் இடம் இருக்கும். ஒட்டும் தங்க நிறத் தாளும் இந்தக் காற்றிடைவெளி இருந்தால்தான் பயன் தரும். சூடான பாகத்தின் மேலேயே ஒட்டினால் வேலை செய்யாது. தூசியும் எண்ணெயும் படிந்தாலும் பளபளப்பு போய்விடும்.

ஸ்டார்ட்டருக்குத் தனி ஷீல்டு கொடுங்கள். செம்பின் மின்தடை 100 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 39 சதவீதம் கூடும். சூடான இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் முக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரேக், கிளட்ச் லைன்களை முடிந்தவரை நகர்த்துங்கள்: ஈரம் ஏறிய டாட் 4 ரக பிரேக் திரவத்துக்குத் தரம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். வயர்களுக்கு மாட்டும் சிலிக்கோன் ஸ்லீவ் சூட்டைத் தாமதப்படுத்தும், தடுக்காது. வண்டி நின்ற பிறகு நெடுநேரம் ஊறும் சூட்டில் உள்ளே இருக்கும் வயரும் சூடாகிவிடும். அதனால் இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் ஃபேனைச் சில நிமிடம் ஓடவிடும் டைமர் நல்ல முதலீடு. பானெட்டில் வென்ட் வெட்டினால் ரேடியேட்டருக்குப் பின்னால், முன்பகுதியில் வெட்டுங்கள். விண்ட்ஷீல்டு அடியில் காற்றழுத்தம் அதிகம், அங்கே வெட்டினால் சூடு வெளியேறாமல் காற்று உள்ளே புகும்.

அளக்கும்போது இன்ஃப்ராரெட் துப்பாக்கியைப் பளபளப்பான உலோகத்தில் நம்ப வேண்டாம், குறைத்தே காட்டும். உயர்வெப்பக் கறுப்புப் பெயிண்டை ஒரு பொட்டு வைத்து அங்கே அளங்கள். ஸ்டார்ட்டர், பிரேக் லைன் மாதிரி இடங்களில், ஏறிய உச்ச வெப்பத்தைப் பதித்து வைத்துக்கொள்ளும் நிறமாறும் பட்டைகள் ஒட்டினால் சரியான உண்மை தெரியும்.

600 மி.மீ. 304 குழாய் 600 டிகிரி ஏறினால் 6 மி.மீ.-க்கு மேல் நீளும். ஒன்றுக்குள் ஒன்று நழுவி நீளுவதற்கு இடம் தரும் ஸ்லிப் ஜாயிண்ட் இல்லாமல் இரு முனையையும் இறுக்கிக் கட்டினால் ஃபிளான்ஜ் வெல்டிங்கில் விரிசல் உறுதி. போல்ட்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் நிக்கல் ஆன்ட்டி-சீஸ் பசையைப் பூசி, முதல் சில சூடேறிக் குளிர்ந்த சுற்றுகளுக்குப் பிறகு, இன்ஜின் முழுக்க ஆறியதும் குறித்த டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) மறுபடி இறுக்குங்கள். ராப் சுற்றியிருந்தால் இதற்கு வசதியாக ஃபிளான்ஜ் முனையை வெறுமனே விட்டுவையுங்கள்.