எல்பியா, கேசட்டா, சிடியா: சென்னை ஈரத்தில் எது தாங்கும்?

பழைய ஆல்பங்களை வாங்கிச் சேர்க்க இறங்குபவர்களுக்கு மூன்று வழிகள். அட்டைப்பட அழகில் எல்பி இசைத்தட்டை எதுவும் மிஞ்சாது, விலையில் கேசட்டை அடிக்க முடியாது. நான் சிடி பக்கம். ஒலியைவிடப் பராமரிப்புதான் என்னை அங்கே தள்ளியது.

கேசட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1992-இல் ‘ரோஜா’ வீடுகளுக்குள் நுழைந்தது பெரும்பாலும் கேசட்டாகத்தான். அந்த ஏக்கத்துக்காக நாலைந்து வைத்துக்கொள்ளலாம். டேப்பின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பி, அடுத்து போடும் கேசட்டுக்கும் தொற்றும். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் குட்டிப் பஞ்சு விழுந்துவிட்டால் ஒலி மங்கும். பிளேயரின் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் தளரும், சிலவற்றில் தார் போல உருகியே போகும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடினால் பெல்ட் கிடைக்கலாம். பொறுமையாக மாற்றித் தரும் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

எல்பியின் எதிரி ஐப்பசி, கார்த்திகை மழை. தட்டு பிவிசி பிளாஸ்டிக், பூஞ்சைக்கு அது பெரிய தீனி இல்லை. காகித உறையும், கைரேகை எண்ணெயும், தூசியும்தான் தீனி. முதலில் உறையில் பழுப்புப் புள்ளி வரும், பிறகு அது தட்டில் ஒலி பதிந்த பள்ளங்களுக்குள் இறங்கும், கேட்கும்போது பொரிகிற சத்தம். கழுவ டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. நடு லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்திக் காயவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் உப்பு படிந்து புதுச் சத்தம் சேரும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய ஷெல்லாக் (அரக்கு) தட்டில் ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும், அங்கே கை வைக்காதீர்கள். கழுவிய தட்டைப் பழைய காகித உறையிலேயே திரும்பப் போட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். நிமிர்த்தி அடுக்க வேண்டும். படுக்கவைத்தால் நம் வெயிலில் வளையும். இதையெல்லாம் ஐம்பது தட்டுக்குச் செய்யலாம், ஐந்நூறுக்கு முடியாது. ஆண்டு முழுக்க ஏசி ஓடும் அறை இருந்தால் கணக்கு மாறலாம்.

சிடிக்கு இவ்வளவு பாடு இல்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைத்தால் போதும். பலரும் பளபளக்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திக் காக்கிறார்கள். லேசர் படிக்கும் அலுமினியப் படலம் இருப்பதோ லேபிள் பக்கம், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். பளபளக்கும் பக்கத்தில் விழும் சின்னக் கீறலைப் பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுக்கலாம். லேபிளில் பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதினால் படலம் போனது போனதுதான்.

இசை வகையும் கொஞ்சம் கணக்கில் வரும். கர்நாடகக் கச்சேரிக்குச் சிடியே சரி. நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவி எல்பியில் தானத்தின் நடுவே தட்டைத் திருப்பச் சொல்லும். ஒரு பக்கத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் அடங்கும். சிடியில் 74 நிமிடம். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) மாதிரி வயலின் தனித்து நிற்கும் ஆல்பத்தில் பூஞ்சைச் சத்தம் முதலில் காதில் விழும். அதன் எல்பி நல்ல நிலையில் கிடைத்தால் நானும் வாங்குவேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஜாஸில் என் காது அவ்வளவு பழகவில்லை. ஆனாலும் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) பற்றி ஒன்று. பதிவின்போது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தயாரித்த தட்டில் முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் கொஞ்சம் சுருதி ஏறியே ஒலிக்கும். 1990-களில் வந்த சிடி மறுபதிப்புகளில்தான் அது சரியானது. பழைய தட்டுதான் அசல் என்பவர்கள் இதை ஒருமுறை ஒப்பிட்டுக் கேட்கட்டும்.

பழைய சிடி வாங்கும்போது ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஊசித் துளை போல வெளிச்சம் பல இடங்களில் ஊடுருவினால் படலம் அரிக்கத் தொடங்கிவிட்டது, விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு துளை மட்டும் என்றால் வாங்கி, அன்றைக்கே கணினியில் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்பாக ஏற்றிவிடுங்கள்.