ஜீன்எக்ஸ்பெர்ட் காசநோய்ப் பரிசோதனைக் கருவி: திறனும் விலையும்

காசநோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. கலிபோர்னியாவிலுள்ள செஃபீட் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. இந்தியாவின் அரசு காசநோய் மையங்களில் இதைச் சிபிநாட் என்றே சொல்கிறார்கள். அங்கே இந்தப் பரிசோதனை இலவசம். வளரும் நாடுகளின் அரசு ஆய்வகங்களில் இந்த அளவுக்குப் பரவிய, கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு ஆய்வுக் கருவிகள் மிகக் குறைவு. இதன் திறனை மட்டும் எடைபோட்டு நிறுத்திக்கொண்டால் மதிப்பீடு பாதியில் நின்றுவிடும். இதை வாங்கவும் தொடர்ந்து ஓட்டவும் பணம் எங்கிருந்து வருகிறது, அந்தப் பணத்தால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் திறன். நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமி தென்பட வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். ஜீன்எக்ஸ்பெர்ட்டில் ஒவ்வொரு மாதிரியையும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் ஊற்றிச் சோதிக்கிறார்கள்; முதலில் வந்த எக்ஸ்பெர்ட் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 130 இருந்தாலே காட்டிவிடும். 2017இல் பரிந்துரைக்கப்பட்ட அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்கு 16 போதும். எச்ஐவி தொற்று உள்ளவர்களின் சளியிலும் குழந்தைகளின் சளியிலும் கிருமிகள் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும் என்பதால், நுண்ணோக்கி கைவிட்டவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. அதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடுகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறையில் இதே விடைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை நோயாளி பயன்தராத மாத்திரையை விழுங்கிக்கொண்டு வீட்டிலிருப்பவர்களுக்கும் நோயைப் பரப்பிக்கொண்டிருப்பார்.

கையாளுவதும் எளிது. சளியோடு கரைசலைக் கலந்து, கால் மணி நேரம் வைத்திருந்து, கார்ட்ரிட்ஜில் ஊற்றிக் கருவிக்குள் வைத்துவிட்டால் மரபணுவைப் பிரித்துப் பெருக்கும் வேலை முழுவதும் அந்த மூடிய கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. ஆகவே, தனி மூலக்கூறு ஆய்வகம் இல்லாத மருத்துவமனையிலும் முறையான பயிற்சி பெற்ற ஆய்வக நுட்புநர் இதை ஓட்ட முடியும். அல்ட்ராவில் ஒரு சிக்கல் உண்டு: முன்பு காசநோய் வந்து குணமானவர்களின் சளியில் எஞ்சியிருக்கும் இறந்த கிருமிகளின் மரபணுவையும் அது காட்டக்கூடும். 'ட்ரேஸ்' (மிகச் சிறிதளவே தென்பட்டது) என்று வரும் முடிவை மருத்துவர் நோயாளியின் பழைய சிகிச்சை விவரத்தோடு பொருத்திப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கருவி கேட்கும் சூழல்தான் வளரும் நாடுகளுக்குப் பெரிய இடைஞ்சல். அறையின் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. கார்ட்ரிட்ஜ்களை 28 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். பரிசோதனை நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கார்ட்ரிட்ஜ் வீண். எனவே குளிரூட்டியும் யுபிஎஸ்ஸும் இல்லாமல் இதை நிறுவுவதில் பொருளில்லை. பரவலாக வாங்கப்படும் கருவியில் தனித்தனியே இயங்கும் நான்கு பரிசோதனைப் பகுதிகள் (மாட்யூல்) இருக்கும்; அதில் ஒரு மாட்யூல் பழுதானாலும் மற்றவை ஓடும் என்பது நல்ல அமைப்பு; ஆனால் பழுதான மாட்யூலை மாற்றவும் ஆண்டுதோறும் அளவீட்டுச் சரிபார்ப்பு செய்யவும் தனியே பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். நன்கொடையாகக் கருவியைக் கொடுப்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் கையை விட்டுவிடுகிறார்கள். திறப்பு விழாவுக்குப் பணம் இருக்கிறது, மூன்றாம் ஆண்டின் பராமரிப்புக்கு இல்லை என்ற நிலை நோயாளிக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

இனி விலை. நான்கு மாட்யூல் கருவி வளரும் நாடுகளுக்குச் சுமார் 17,000 டாலருக்குக் கிடைத்தது. அது ஒருமுறைச் செலவு. சுமை முழுவதும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று செலவாகும் கார்ட்ரிட்ஜில் இருக்கிறது. தொடக்கத்தில் சலுகை விலையே 16.86 டாலராக இருந்தது. 2012 ஆகஸ்டில் உலக சுகாதார நிதி அமைப்பான யுனிட்எய்ட், கேட்ஸ் அறக்கட்டளை, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்ட், அந்நாட்டின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டமான பெப்ஃபார் ஆகியவை சேர்ந்து 1.11 கோடி டாலரை செஃபீடுக்குக் கொடுத்து விலையை 9.98 டாலராகக் குறைத்தன. 145 நாடுகளின் அரசுத் திட்டங்கள் அந்த விலையில் வாங்க முடிந்தது. பணம் போட்டு விலையைக் குறைக்கும் இந்த ஏற்பாடு பலன் தந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் விற்பனை பல மடங்கு பெருகிய பிறகும் விலை அதே 9.98 டாலரில் நின்றது. நன்கொடையாளர்கள் அன்று, விற்பனை பெருகப் பெருக விலையும் இறங்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, பெருமளவில் உற்பத்தி செய்யும்போது ஒரு கார்ட்ரிட்ஜின் அடக்கவிலை 2.95 முதல் 4.64 டாலருக்குள் அடங்கிவிடும். அதை வைத்தே ஐந்து டாலருக்குத் தர வேண்டும் என்ற இயக்கம் தொடங்கியது. இந்தத் தொழில்நுட்பத்தின் உருவாக்கத்தில் பொதுப்பணம் 25 கோடி டாலருக்கும் மேல் சென்றிருக்கிறது என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவில் 2001இல் அஞ்சல் வழியே ஆந்த்ராக்ஸ் பரப்பப்பட்ட பின் அஞ்சல் பிரிப்பகங்களில் பொருத்தப்பட்ட கண்டறியும் அமைப்பிலும் இதே தொழில்நுட்பம்தான் இருந்தது. மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த ஒன்றுக்கு மக்கள் மீண்டும் முழு விலை கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. செஃபீடை 2016இல் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்கிய டானஹர் நிறுவனம், 2023 செப்டம்பரில் காசநோய்க் கார்ட்ரிட்ஜின் விலையை 7.97 டாலராக இறக்கி, லாபமின்றித் தருவதாகவும் அடக்கவிலையை வெளியார் ஆண்டுதோறும் சரிபார்ப்பார்கள் என்றும் உறுதியளித்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். நோயாளர் அமைப்புகளின் விடாத அழுத்தத்தால் வந்தது. ஆயினும் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயைக் கண்டறியும் எக்ஸ்டிஆர் கார்ட்ரிட்ஜ் அந்தக் குறைப்பில் சேரவில்லை, 14.90 டாலராகவே விடப்பட்டது. மிகக் கடுமையான நோய் உள்ளவருக்கு மிக அதிக விலை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்வளவு பணம் போட்டதால் உயிர்கள் காப்பாற்றப்பட்டனவா? தென்னாப்பிரிக்காவின் எக்ஸ்டெண்ட் ஆய்வு, நுண்ணோக்கி வைத்திருந்த ஆய்வகங்களையும் எக்ஸ்பெர்ட் வைத்திருந்த ஆய்வகங்களையும் ஒப்பிட்டபோது ஆறு மாத கால இறப்பில் வேறுபாட்டைக் காணவில்லை. இதைக் கருவியின் தோல்வியாக நான் படிக்கவில்லை. முடிவு இரண்டு மணி நேரத்தில் தயாரானாலும், அது நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்து மருந்து தொடங்கும் வரையிலான வழியில் ஆளும் வண்டியும் தொலைபேசி அழைப்பும் தேவை. அவற்றுக்கும் நிதி வேண்டும். இன்னொரு பக்கம், 2023இல் உலகில் புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்ட 82 லட்சம் பேரில் 48 சதவீதத்தினருக்கே முதல் பரிசோதனையாக இத்தகைய விரைவுச் சோதனை கிடைத்தது. 2012இல் விலைக்குறைப்புக்குப் பணம் தந்த யுஎஸ்எய்ட் 2025இல் மூடப்பட்டபோது, வெளிநாட்டு நிதியை நம்பியிருந்த காசநோய்த் திட்டங்கள் தடுமாறின. காசநோய்ச் செலவைப் பெரும்பாலும் சொந்த வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே செய்யும் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அந்த அளவுக்கு ஆட்டம் காணாமல் பரிசோதனையைத் தொடர முடியும்.

வாங்க நினைக்கும் மாவட்ட மருத்துவமனைக்கு என் பரிந்துரை இது. நாள்தோறும் நிறைய மாதிரிகள் வரும், மின்சாரம் நிலையாக இருக்கும் இடத்துக்கு ஜீன்எக்ஸ்பெர்ட் சரியான தேர்வு. அதே கருவியில் எச்ஐவி வைரஸ் அளவையும் கல்லீரல் அழற்சி சி வகையையும் பார்க்கலாம் என்பதால் செலவு பகிர்ந்துகொள்ளப்படும். கொள்முதல் ஒப்பந்தத்தில் கருவிக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் தனித்தனி விலை பேசாமல், பராமரிப்பும் மாட்யூல் மாற்றமும் அடங்கிய ஒரே கட்டணத்தைப் பரிசோதனைக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். பழுதை எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மின்வெட்டு மிகுந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, கோவாவின் மோல்பியோ நிறுவனம் தயாரித்து 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்ற, பேட்டரியில் இயங்கும் ட்ரூநாட் கருவியையே வாங்கச் சொல்வேன். அதில் நுட்புநரின் கைவேலை சற்றுக் கூடுதல் என்றாலும், குளிரூட்டிய அறை இல்லாமலே பரிசோதனை நடக்கும்.